ஓரத்துச் செடிகள்

மேனேஜர் நோட்டுகளைக் கேட்டு அனுப்பியபோது காய்க்காரர் போய்ச் சேர்ந்து நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது. நாளை எண்ண வேண்டும் என்று அவர் மனைவி உட்கார்ந்து எண்ணவில்லை. எண்ணியே பிழைத்த வீடு அது. சும்மா இருந்தாலும் மனசு பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும்.

காய்க்காரர் என்றால் காய்கறி விற்கிறவர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒரு தடவை ஓர் அதிகாரியின் மனைவி குடியிருப்பு வாசலில் வந்து நின்று, "கத்தரிக்காய் இன்னிக்கு இருக்கா?" என்று கேட்டேவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் சட்டிக்குக் காய் விக்கறவர் இல்லம்மா, வண்டிக்குக் காய் எண்ணறவர்" என்று இவள் சொன்னதைக் கேட்டு, உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தவர் சிரித்துக் கன்னத்தைக் கீறிக்கொண்டார்.

உண்மையில் வேலையே அதுதான். கம்பெனி நாலாயிரம் ஏக்கரில் காட்டாமணக்கு போட்டிருந்தது. விதையைப் பிழிந்தால் எண்ணெய். எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் டீசலுக்குப் பதிலாக ஊற்றலாம். தரிசில் வளரும், தண்ணீர் கேட்காது, ஆடு மாடு வாய் வைக்காது என்று சொல்லித்தான் கடல் தாண்டிப் பணம் திரட்டினார்கள். ஆடு வாய் வைக்காது என்பது மட்டும் முழு உண்மை. மற்ற இரண்டும் சொல்கிறவரைப் பொறுத்தது. எண்ணெய் எவ்வளவு வரும் என்று ஆலை ஓடுவதற்கு முன்பே பணம் போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்குச் செடியில் காய் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதைச் சொல்கிறவர் காய்க்காரர். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் இவள். ஆரம்பத்தில் துணைக்குப் போனவளை அப்புறம் அரை நாள் குமாஸ்தா என்று கம்பெனியே சேர்த்துக்கொண்டது. காதில் பென்சிலும் கையில் நோட்டுமாக அலைந்ததில் நோட்டக்கா என்று பேர் விழுந்துவிட்டது. சொந்தப் பேரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகும்.

காய்க்காரர் எண்ணுகிற முறை ஒன்று உண்டு. ஒரு பழைய பிஸ்கட் டின். அதில் வெள்ளைச் சீட்டும் மஞ்சள் சீட்டும். வெள்ளையில் வரிசை எண், மஞ்சளில் செடி எண். ஒவ்வொரு பிளாக்கின் வாசலிலும் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள் எடுப்பார். முப்பதாம் வரிசை, எட்டாம் செடி என்று வந்தால் அங்கேதான் போக வேண்டும். வழியில் முள் இருந்தாலும் சரி, சேறு இருந்தாலும் சரி. "கண்ணு நல்ல செடிகிட்டத்தான் போகும். நம்ம காலை இழுக்கறது சீட்டா இருக்கணும்" என்பார். செடியைச் சுற்றிவந்து குலை குலையாக எண்ணுவார். ஒடித்த காம்பிலிருந்து வடிகிற பால் சட்டையில் பட்டால் பழுப்புக் கறை. எந்த சோப்புக்கும் போகாது. அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் வலது கைப்பக்கம் அந்தக் கறை இருந்தது. இப்போதும் கொடியில் இரண்டு தொங்குகின்றன.

மூன்றாம் வருஷம் அவருக்கு நெஞ்சு பிடிக்க ஆரம்பித்தது. ஐந்தாம் பிளாக்கில், இருபத்தாறாம் வரிசையில், எண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இவள் நோட்டாலேயே விசிறினாள். முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்து, பேச்சு வந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "யார்கிட்டயும் சொல்லிடாத."

அதற்குக் காரணம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி டாக்டர் வருவார். வயலில் நடக்கத் தெம்பில்லாதவர்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவர்களுக்குக் குடியிருப்பில் வீடு இல்லை. டாக்டர் நாடி பிடிக்கிற அன்றைக்குக் காய்க்காரர் இரண்டு மணி நேரம் முன்னாடியே போய் உட்கார்ந்து மூச்சைச் சமப்படுத்திக்கொள்வார். இவளுடைய தம்பிக்குத் தெரிந்தால் வயலை விற்றாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவான். அதனால் அவனிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவிட்டார். இவள் விடவில்லை.

அன்றிலிருந்து டின் அலமாரியில் ஏறிவிட்டது. பிளாக்கின் ஓரமாகப் போகிற ஜீப் ரோட்டில் மெதுவாக நடந்து, கைக்கு எட்டுகிற செடிகளை மட்டும் எண்ணினார். இவள் குடை பிடித்துக்கொண்டு எழுதினாள். ஓரத்துச் செடிக்கு ஒரு பக்கம் திறப்பு. வெயில் அதற்கு, ரோட்டில் ஓடி வருகிற மழைத்தண்ணீர் அதற்கு. உள்ளே இருக்கிறது ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். இது அவருக்குத் தெரியாதா? அவர் சொல்லித்தானே இவளுக்கே தெரியும்!

"வரிசை எண் என்ன போடட்டும்?" என்று கேட்டாள் முதல் நாள்.

"அந்தக் கட்டத்தைக் காலியா விடு. உடம்பு தேறட்டும். உள்ள போய் ஒரு சுத்து எண்ணிட்டு நிரப்பிக்கலாம்."

உடம்பு தேறவில்லை. கட்டம் இரண்டு வருஷமாகக் காலியாகவே கிடந்தது. ஆனால் ஓரத்தில் எண்ணிய கணக்கு நோட்டோடு நிற்கவில்லை. செடிக்கு இருபத்திரண்டு குலை என்று அது தலைமை அலுவலகத்துக்குப் போனது. அங்கே நாலாயிரம் ஏக்கரால் பெருக்கினார்கள். பளபளவென்று ஒரு புத்தகம் அச்சடித்தார்கள். அட்டையில் இருந்தது சாட்சாத் ஜீப் ரோட்டுச் செடிதான்.

*

"உட்காருங்கக்கா" என்றார் மேனேஜர். முப்பத்தைந்து வயது இருக்கும். வயிற்று எரிச்சலுக்கு வெள்ளை மருந்து குடித்துவிட்டு உதட்டைத் துடைக்காமல் இருந்தார். மேஜை மேல் ஆறு நோட்டுகள் விரித்துக் கிடந்தன.

"வியாழக்கிழமை ஒரு அம்மா வர்றாங்க. பணம் போடறவங்க அனுப்பறாங்க. பார்த்துட்டு சரின்னு சொன்னாத்தான் ரெண்டாம் கட்டத்துக்கு நிலம் எடுக்க முடியும். வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்கணும், எட்டு ஊர்ல."

"தெரியும் சார்."

தெரியாமல் என்ன? எட்டு ஊரில் ஒன்று அவள் பிறந்த ஊர். தம்பியின் ஏழு ஏக்கர் அங்கேதான் இருக்கிறது. குத்தகை இருபத்தைந்து வருஷம். குத்தகைப் பணம் என்று தனியாக எதுவும் கிடையாது. விளைகிற காயில் மூன்றில் ஒரு பங்கு. செடிக்கு இருபத்திரண்டு என்றால் தம்பி கால்மேல் கால் போட்டுச் சாப்பிடலாம். அதில் பாதிகூட இல்லை என்றால் அவன் வீட்டு அடுப்பு வாரத்தில் எத்தனை நாள் எரியும் என்று அவள் யோசித்துப் பார்த்துவிட்டாள். கிணற்றை மூடி, மக்காச்சோளத்தை அழித்து, காட்டாமணக்கைப் போட்டுவிட்டால் அப்புறம் திரும்பி வர வழியில்லை.

"முதல் ரெண்டு வருஷ நோட்டுல வரிசை எண் இருக்கு, செடி எண் இருக்கு. அதுக்கப்புறம் காலியா இருக்கு" என்றார் மேனேஜர். "அந்தம்மா முதல்ல இதைத்தான் கேப்பாங்க. நீங்களே நிரப்பிடுங்க. உங்க கையெழுத்துதானே, வித்தியாசம் தெரியாது."

"எந்த வரிசைன்னு எனக்குத் தெரியாதே சார்."

"உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சவர் இல்ல. அப்ப உலகத்துல யாருக்கும் தெரியாது. உங்க வீட்ல அந்த டின் இருக்கில்ல? சீட்டு எடுங்க, வந்த நம்பரை எழுதுங்க. ஒரு சாயங்கால வேலை."

 அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, நான் ஒண்ணும் வில்லன் இல்ல. எனக்கு மேல நாலு பேர் உட்கார்ந்திருக்கான். புது எண்ணெய் லேபுக்கு உங்க வீட்டுக்காரர் பேரை வைக்கச் சொல்லி நான்தான் எழுதிப் போட்டிருக்கேன். உங்களுக்கு அங்கேயே முழு நாள் வேலை. வீட்டைக் காலி பண்ண வேண்டாம். இன்னும் என்ன செய்யணும் சொல்லுங்க."

நோட்டுகளை அடுக்கிக் கையில் வாங்கிக்கொண்டாள். ஆறு நோட்டும் சேர்ந்து ஒரு கைக்குழந்தை கனம் இருந்தது.

*

அன்றைக்கு மத்தியானமே பஸ் பிடித்துத் தம்பி வயலுக்குப் போனாள். அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும். தம்பி மேட்டில் நின்று கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தான். டிராக்டரும் டிரெய்லரும் போக வரப்பில் எங்கே வெட்ட வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் குச்சி நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தம்பி மனைவி கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"வாங்கண்ணி. சொல்லியிருந்தா இவரை பஸ்ஸுக்கு அனுப்பியிருப்பேனே. என்னண்ணி இது, தோள் எலும்பு தெரியுது. சாப்பிடறீங்களா இல்லையா?"

"சாப்பிடறேம்மா."

"அக்கா சாப்பிட்டுட்டா அரிசிக்கு அவமானமாப் போயிடும்" என்றான் தம்பி. கேலியாகத்தான். சிறுவயதிலிருந்தே அவளை ஒல்லிக்குச்சி என்றுதான் கூப்பிடுவான்.

மேட்டிலேயே உட்கார்ந்தார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை. அதற்குத் தெம்பும் இல்லை.

"வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடாதடா."

"ஏன்?"

"அந்த இருபத்திரண்டு சரியில்ல."

"யார் எண்ணினது?"

"மாமாதான்."

"அப்புறம் என்னக்கா? எட்டு ஊர்லயும் கம்பெனியை நம்பியா கையெழுத்துப் போடறாங்க? அந்தப் பளபளா புத்தகத்தை நம்பியா? 'உன் மாமா எண்ணினாராப்பா?'ன்னு என்கிட்ட வந்து கேட்டுட்டுப் போறாங்க. நான் ஆமான்னு சொன்னேன். மாமா எண்ணினா எண்ணினதுதான்."

"மாமா ஓரத்துல மட்டும்தான் எண்ணினார். ரெண்டு வருஷமா உள்ள போகல."

தம்பி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே அவளைப் பார்த்தான். "ஏன் போகல?"

 நாற்பத்து மூன்று நாளாக ஊர் முழுக்க, நல்லா இருந்த மனுஷன், திடீர்னு போயிட்டார் என்றுதான் பேச்சு. தம்பியும் அப்படித்தான் அழுதான். திடீரென்று இல்லை, இரண்டு வருஷத்துக்கு மேலாக எங்களுக்குத் தெரியும், உன்னிடம் மறைத்தோம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

"வெயில்" என்றாள்.

சொல்லும்போதே தெரிந்தது, நிற்காது என்று.

"வெயிலா?" தம்பி எழுந்துவிட்டான். "வெயிலுக்கு ஒதுங்கற ஆளா மாமா? அக்கா, யார் உனக்கு ஓதினா? அந்த மேனேஜரோட ஏதாவது தகராறா? வீட்டைக் காலி பண்ணச் சொல்றானா? சொல்லு, நான் வந்து கேக்கறேன். அதுக்காக செத்தவர் தலையில கல்லைப் போடாத."

"டேய், நான் பக்கத்துல நின்னு எழுதினவ."

"அப்ப நீயும் சேர்ந்து பொய்யா எழுதினியா?"

தம்பி மனைவி, "என்னங்க பேச்சு இது, அண்ணிகிட்ட?" என்று இடையில் வந்தாள். அவன் கேட்கவில்லை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சோளத்துக்குள் இறங்கிப் போய்விட்டான். கொஞ்ச நேரம் சோளத் தோகை உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் தம்பி மனைவி மடியில் கட்டிக்கொடுத்த நாலு கதிரோடு உட்கார்ந்திருந்தாள். அவன் மேல் கோபம் வரவில்லை. கோபப்பட வேண்டுமென்றால் அதற்கும் கொஞ்சம் உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும். ஒன்று மட்டும் புரிந்தது. அரைவாசி உண்மையை யாரும் வாங்கிக்கொள்வதில்லை.

*

புதன்கிழமை சாயங்காலம் நோட்டுகளையும் பென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டின்னை அலமாரியிலிருந்து இறக்கினாள். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே சீட்டுகள் அப்படியே இருந்தன. அவர் விரல்பட்டு முனை மழுங்கிய சீட்டுகள்.

ஒன்றை எடுத்தாள். வெள்ளை, பதினெட்டு. மூன்றாம் வருஷ நோட்டின் முதல் காலிக் கட்டத்தில் ஒன்று எழுதி எட்டு எழுதினாள். பார்த்தாள். அச்சு அசலாக மற்றதைப் போலவே இருந்தது. மேனேஜர் சொன்னது சரிதான். யாருக்கும் தெரியாது.

அழித்துவிட்டாள். பென்சிலில் எழுதியதால் ஒரு வசதி.

வருகிற அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் அந்த அம்மாவுக்கு இவள் பாஷை தெரியாது. அவர்களுடைய பாஷை இவளுக்குத் தெரியாது. நடுவில் நின்று மாற்றிச் சொல்லப்போகிறவர் மேனேஜர். இவள் வாயிலிருந்து போவது அந்த அம்மா காதுக்குப் போய்ச் சேரும்போது என்னவாக இருக்கும்? 'உங்களைப் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம்' என்றுதான் இருக்கும்.

டின்னை மூடி, துணிப்பையில் வைத்தாள்.

*

வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பருமனான உடம்பு, கட்டையான முடி, முட்டி வரை புழுதி படிந்த பூட்ஸ். பூட்ஸ் பழசு என்பதை நோட்டக்கா முதலில் கவனித்தாள். இதுவரை வந்தவர்கள் எல்லாம் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த அம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எத்தனை நாடு, எத்தனை வயல், எத்தனை பளபளா புத்தகம் பார்த்தாளோ! ஜீப்பில் ஏறும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். ஒருவரையொருவர் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டார்கள்.

டிரைவருக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. பெரிய மனிதர்கள் வந்தால் எந்த ரோடு, எங்கே நிறுத்தினால் போட்டோ நன்றாக விழும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. "கல்யாண ரோடு" என்று அவன் அதற்குப் பேர் வைத்திருந்தான். எப்போதும் ஜோடித்து இருக்கிற ரோடு. இரண்டு பக்கமும் செடிகள் குலை தள்ளி, கிளை வளைந்து நின்றன. மேனேஜர் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டே வந்தார்.

ஏழாம் பிளாக்கில் இறங்கினார்கள். அந்த அம்மா நோட்டுகளைக் கேட்டாள். பக்கங்களைப் புரட்டினாள். எண்கள் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். மூன்றாம் வருஷ நோட்டில் விரல் நின்றது. காலிக் கட்டத்தைத் தட்டிக்காட்டி ஏதோ கேட்டாள்.

மேனேஜர் நோட்டக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திட்டு இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. பிறகு திரும்பி நீளமாக ஏதோ சொன்னார்.

நோட்டக்கா துணிப்பையிலிருந்து டின்னை எடுத்தாள். மூடியைத் திறந்து அந்த அம்மா முன்னால் நீட்டினாள்.

அந்த அம்மா உள்ளே பார்த்தாள். வெள்ளைச் சீட்டை ஒன்று எடுத்துப் பார்த்தாள், மஞ்சளை ஒன்று எடுத்துப் பார்த்தாள். முதல் நோட்டைத் திருப்பி, நிரம்பியிருந்த கட்டங்களோடு ஒப்பிட்டாள். முகத்தில் தூக்கம் கலைந்த மாதிரி ஒரு மாற்றம் வந்தது. வேறு எந்த ஊரிலோ, வேறு ஏதோ ஒரு டப்பாவில் அவளும் சீட்டு எடுத்திருக்க வேண்டும். கையிலிருந்ததைத் திரும்பப் போட்டுவிட்டு, கண்ணை மூடி, ஒரு வெள்ளையும் ஒரு மஞ்சளும் எடுத்தாள். முப்பத்தெட்டு. பன்னிரண்டு.

"அக்கா, என்ன பண்றீங்க?" என்றார் மேனேஜர். "உள்ள பாம்பு கிடக்கும். சொல்லுங்க அவங்ககிட்ட. ஏய் டிரைவர், பாம்பு உண்டுதானே?"

"நான் ரோட்டை விட்டு இறங்கினதே இல்ல சார், எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் டிரைவர்.

அதற்குள் அந்த அம்மா செடிகளுக்குள் இறங்கிவிட்டாள்.

ஐந்தாறு வரிசை வரை பச்சை இருந்தது. பத்தில் கொஞ்சம் வெளுத்தது. இருபதுக்கு மேல் செடிகள் இவள் தோளுக்குக்கூட வரவில்லை. இலை குறைச்சல், குச்சி அதிகம். சில இடத்தில் செடியே இல்லை, குழி மட்டும் இருந்தது.  நடக்க நடக்க நோட்டக்காவுக்கு ஒன்று தோன்றியது. உள்ளே இப்படி இருக்கும் என்று தெரியும், ஆனால் இவ்வளவு மோசமாக இருக்கும் என்று அவருக்கும்கூடத் தெரிந்திருக்காது. ஒரு தடவை அவர் வந்து பார்த்திருந்தால்? அந்தக் கணக்கை அப்படியே அனுப்பியிருப்பாரா? மாட்டார். அதனால்தான் வரவில்லையோ என்னவோ. நெஞ்சு மட்டும்தான் காரணமா என்று அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை.

முப்பத்தெட்டாம் வரிசை. பன்னிரண்டாம் செடி. அவள் செடியைச் சுற்றிவந்து, அவர் எண்ணுகிற மாதிரியே கீழிருந்து மேலாக எண்ணினாள். எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. விரலைக் காட்டினாள். மூன்று.

பக்கத்துச் செடியில் இரண்டு. அதற்கடுத்ததில் நாலு. அந்த அம்மாவும் எண்ணினாள். நோட்டில் இருபத்திரண்டு என்று இருந்த இடத்தில் கட்டை விரலை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மேனேஜரிடம் சுருக்கமாக ஒன்று கேட்டாள்.

மேனேஜர் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை மாற்றிச் சொல்ல அவருக்கும் தெம்பில்லை போலிருக்கிறது.

"ஏன் ஓரத்துல எண்ணினார்னு கேக்கறாங்க."

தம்பி கேட்ட அதே கேள்வி. நோட்டக்கா வாயைத் திறக்கவில்லை. வலது கையை நெஞ்சில் வைத்தாள். மூச்சு வாங்குகிற மாதிரி செய்து காட்டினாள். பிறகு, இருபத்தாறாம் வரிசையில் அவர் உட்கார்ந்தாரே, அதே மாதிரி ஒரு கையை ஊன்றிக்கொண்டு மண்ணில் மெதுவாக உட்கார்ந்தாள். காட்டுவதற்காகத்தான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க வரவில்லை. அவர் போன பிறகு வந்த நாளெல்லாமும், அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் சேர்ந்து காலைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அந்த அம்மா நோட்டை மூடினாள். அவளும் பக்கத்தில், அந்தப் பழைய பூட்ஸை நீட்டிக்கொண்டு, பெருமூச்சோடு மண்ணில் உட்கார்ந்தாள். மேனேஜர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். ரோட்டில் ஜீப் மேல் ஏறி நின்றபடி டிரைவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க வீட்டுக்காரர் பேரை நீங்களே கெடுத்துட்டீங்களேக்கா" என்றார் மேனேஜர் கடைசியில். அவர் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

"தெரியும் சார்" என்றாள் அவள்.

*

வெள்ளிக்கிழமை கையெழுத்து நடக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் நடக்கவில்லை. இரண்டாம் கட்டம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது என்று அலுவலகப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். பிழியும் ஆலைக்கு ஆள் எடுப்பதையும் நிறுத்தினார்கள். அதற்குப் பேர் கொடுத்திருந்தவர்கள் நோட்டக்காவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 'எண்ணத் தெரியாதவனுக்குக் காய்க்காரர்னு பேர்' என்று குடிநீர்க் குழாயடியில் ஒருத்தி இவள் காதுபடவே சொன்னாள். இவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். லேபுக்குப் பேர் வைக்கிற பேச்சு நின்றுபோனது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அதில் மேனேஜரின் கையெழுத்து இருந்தது. பேனா ஓரிடத்தில் தடித்து நின்றிருந்தது.

தம்பியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவன் நிலம் தப்பித்துவிட்டது. அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போதும்தான். ஆனால் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தாள்.

மாதக் கடைசி நாளில் டிராக்டர் வந்தது. பின்னால் டிரெய்லர். தம்பி இறங்கினான். அவளைப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கட்டிலைப் பிரித்தான், பெட்டிகளை ஏற்றினான், அலமாரியைத் தனியாகவே முதுகில் தூக்கினான். கொடியில் கிடந்த இரண்டு சட்டைகளை எடுத்தவன், வலது கைப்பக்கத்துக் கறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். மடித்துத் தன் துண்டுக்குள் வைத்துக்கொண்டான்.

"டிரைவர் வந்து சொன்னான்" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நீ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன்னு."

அவள் டின்னைத் துணியில் சுற்றினாள்.

"மாமாவுக்கு எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்."

"ஒரு போன் போட்டிருக்கலாம்ல. ஒரே ஒரு போன்." சுவரில் உள்ளங்கையால் அடித்தான். "நிலம் போனா போயிட்டுப் போகுதுக்கா. அந்த நிலத்தை வித்து அவரைக் காப்பாத்தியிருப்பேனே. நான் உனக்கு யாரு? மூணாம் மனுஷனா?"

"வித்துடுவேன்னுதான் சொல்லக்கூடாதுன்னார்."

தம்பி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அவளும் உட்கார்ந்தாள். அன்றைக்கு மேட்டில் சொல்ல வேண்டியதை அப்போதுதான் சொன்னாள். ஐந்தாம் பிளாக், விசிறிய நோட்டு, டாக்டர் வருகிற நாள், குடை, காலிக் கட்டம், உள்ளே போய் எண்ணிவிடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது, எல்லாவற்றையும். அவன் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா, பொழுது சாயறதுக்குள்ள போகணும்" என்றான். "அவ உனக்குன்னு ஒரு அறையை ஒழிச்சு வச்சிருக்கா. சோளம் அறுக்கணும். ஆள் பத்தல. மூட்டை எண்ண ஒரு ஒல்லிக்குச்சி வேணும்."

டிராக்டர் ஜீப் ரோட்டில்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது. அவள் மட்கார்டில் உட்கார்ந்து டின்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நோட்டுகளை அந்த அம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு பக்கமும் ஓரத்துச் செடிகள் காய்த்து, பழுத்து, மஞ்சளும் கறுப்புமாகத் தொங்கின. பறிக்க ஆள் வரவில்லை. சில குலைகள் டிராக்டர் சக்கரத்தில் அடிபட்டு உதிர்ந்தன.

தம்பி வேகத்தைக் குறைத்து இரண்டு பக்கமும் பார்த்தான்.

"நல்லாத்தான்கா காய்ச்சிருக்கு" என்றான்.

"ஆமாம்" என்றாள். "ரோட்டுல இருந்து பார்த்தா நல்லாத்தான் இருக்கும்."